வெயிலுக்கு முன்னால் கடல்



முழுப் பரீட்சைக்குத் தேதி அறிவித்துவிட்டால் போதும், நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். தொடர்கதையில் அந்தப் பெண்ணை ஏன் இப்படி அழவிடுகிறீர்கள் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள், லீவுக்கு எங்கே போகலாம் என்று யோசனை கேட்க ஆரம்பிப்பார்கள். முன்பெல்லாம் ஊட்டியா கொடைக்கானலா என்பதோடு விவகாரம் முடிந்துவிடும். சில வருடங்களாக வியட்நாம் என்ற பெயர் அடிக்கடி தென்படுகிறது. காரணம் தெரிந்ததுதான். விமானக் கட்டணம் கொஞ்சம் கைக்கு எட்டுகிறது. விசாவை வீட்டில் உட்கார்ந்தபடியே கணினியில் வாங்கிவிடலாம். போய் வந்த பக்கத்து வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்கள் தூக்கத்தைக் கெடுக்கின்றன.

சேலத்திலிருந்து எழுதும் ஒரு வாசகர், பயண ஏற்பாட்டாளர் ஒருவர் தனக்குப் போட்டுக் கொடுத்த நிகழ்ச்சி நிரலையே நகலெடுத்து அனுப்பியிருக்கிறார். அப்பா, அம்மா, மனைவி, மகள், அவர். மே மாதம். நடு வியட்நாமில் டா நாங் நகரம். காலை எட்டரைக்கு ஓட்டலில் சிற்றுண்டி. ஒன்பதரைக்கு வண்டி. பதினொன்றுக்கு மீ சோன் கோயில்கள். பிறகு சாப்பாடு. மூன்று மணிக்குக் கடற்கரை. ஏழு மணிக்குப் பக்கத்து ஊரான ஹோய் ஆனின் விளக்குகள். “இதில் எதைச் சேர்க்கலாம், எதை விடலாம்? நீங்கள் போய் வந்தவர் என்று கேள்விப்பட்டேன்” என்று முடித்திருக்கிறார்.

இடங்களில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எல்லாமே பார்க்க வேண்டியவைதான். கடிகாரம்தான் தப்பு. அந்த நிரலைப் போட்டவர் சேலத்திலிருந்தே நேரத்தையும் பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டார். இந்த மாத ஆசிரியர் பக்கத்தை அவருக்கு எழுதும் பதிலாகவே வைத்துக்கொள்கிறேன். மற்றவர்களும் கூட நின்று கேட்கலாம்.

வியட்நாம் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. மே மாதத்தில் டா நாங்கில் ஐந்தேகால் மணி வாக்கில் சூரியன் கடலுக்கு மேலே வந்துவிடும். நம் கணக்கில் அது மூன்றே முக்கால். சாயங்காலம் ஆறேகாலுக்குள் அஸ்தமனம். அப்படியானால் எட்டரை மணிக்கு நீங்கள் இட்லி இல்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போது, அந்த ஊரில் பகலின் நல்ல பாதி போய்விட்டது. ஒன்பதரைக்கு வெளியே கால் வைத்தால் கத்திரி வெயில் வாசலிலேயே காத்திருக்கும்.

மீ கே என்பது டா நாங்கின் பெரிய கடற்கரை. நகரத்தை ஒட்டிக் கிழக்கு பார்த்து நீண்டு கிடக்கிறது. அங்கே விடியற்காலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். ஊரே அங்கேதான் இருக்கும். சாலையோரம் பைக்குகள் நெருக்கியடித்து நிற்கும். பாட்டிமார்கள் வரிசை கட்டி நின்று, ஒலிபெருக்கியில் ஓடும் துள்ளல் பாட்டுக்குக் கையைக் காலை நீட்டி மடக்குவார்கள். வாலிபர்கள் வலை கட்டிப் பந்தடிப்பார்கள். இடுப்பளவு தண்ணீரில் நாலைந்து பெண்கள் நின்றுகொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். அலை வரும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு குதி, பிறகு விட்ட இடத்திலிருந்து கதை. குளித்து முடித்ததும் கரையோரக் கட்டணக் குளியலறையில் நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு பைக் ஏறி, அப்படியே வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஏழரைக்கெல்லாம் கரை காலி.

அதே கரையில் வடக்கே, சோன் ட்ரா மலையை நோக்கி நடந்தால், இரவெல்லாம் கடலில் இருந்தவர்கள் திரும்பி வருவதைப் பார்க்கலாம். அவர்கள் வரும் படகு வட்டமானது. நம் ஒகேனக்கல் பரிசல் கடலுக்கு வந்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. மூங்கிலைப் பின்னி, மரப் பிசினும் சாணமும் பூசி நீர் புகாமல் செய்வது பழைய முறை. இப்போது பிளாஸ்டிக் படகும் வந்துவிட்டது. ஒற்றைத் துடுப்பை முன்பக்கம் வைத்துத் தண்ணீரில் வளைத்து வளைத்து இழுக்கிறார்கள். வட்டப் படகு சுற்றிவிடாமல் நேராக வருவதை எவ்வளவு நேரம் பார்த்தாலும் எனக்குப் பிடிபடவில்லை. கரைக்கு வந்ததும் வலையிலிருந்து மீனைப் பிரித்து அங்கேயே மணலில் கூடையை வைத்து வியாபாரம். வாங்க வரும் பெண்கள் செவுளைத் தூக்கிப் பார்க்கும் விதத்தில் காசிமேட்டுக்காரர்கள் யாரும் அந்நியமாக உணர மாட்டார்கள்.

எட்டு மணிக்கு மேல் இதே கரைக்கு வருகிறவர்கள் யார்? நாமும், நம்மைப் போன்ற லீவுக்காரர்களும்தான். உள்ளூர்ப் பெண்கள் அந்த நேரத்தில் பைக்கில் போனால்கூட தொப்பி, முகக் கவசம், முழங்கை வரை உறை, முழுக்கைச் சட்டை என்று கண்ணைத் தவிர எதையும் வெயிலுக்குக் காட்டுவதில்லை. வெயிலைக் கண்டால் ஒதுங்குவது கடற்கரை ஊர்க்காரர்களின் புத்தி. நமக்கும் அந்தப் புத்தி உண்டு. காசு கட்டி லீவில் போனால் மறந்துவிடுகிறது.

எனவே சேலத்து நண்பரே, உங்கள் அப்பா அம்மாவை நினைத்துக் கவலைப்படாதீர்கள். வயதானவர்களை அழைத்துப் போகலாமா என்று பலரும் தயங்குகிறார்கள். நான் சொல்வேன், இந்தப் பயணத்துக்குப் பொருத்தமானவர்களே அவர்கள்தான். ஊரில் நாலு மணிக்கு விழித்துக்கொண்டு, காபி போட யாராவது எழுந்திருக்க மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அங்கே விழிப்பு வரும்போது மணி ஐந்தரை. கடற்கரையில் அவர்கள் வயதுக்காரர்கள் ஏற்கெனவே கூடியிருப்பார்கள். சிரமப்படப் போவது உங்கள் மகள்தான்.

மதியம் என்ன செய்வது? தூங்குங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. மதியத் தூக்கம் அந்த நாட்டில் முறையான ஏற்பாடு. பல அலுவலகங்களில் பதினொன்றரை வாக்கில் வேலையை நிறுத்தினால் ஒன்றரை மணிக்குத்தான் மறுபடி எடுப்பார்கள். பள்ளிப் பிள்ளைகளையே பாய் விரித்துப் படுக்க வைக்கிறார்கள். வாடகை பைக் ஓட்டுபவர், தன் பைக்கின் மேலேயே தலையைக் கைப்பிடியிலும் காலைப் பின் இருக்கையிலும் வைத்து, விழாமல் தூங்குவார். நெடுஞ்சாலை ஓரங்களில் இதற்கென்றே காபிக் கடைகள் உண்டு. உள்ளே நாற்காலி கிடையாது. கீற்றுக் கொட்டகையில் வரிசையாகத் தொங்கும் ஊஞ்சல் துணிகள்தான். ஒரு கரும்புச் சாறு வாங்கினால் போதும், எவ்வளவு நேரம் படுத்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். அந்தச் சாற்றில் சின்னச் சின்ன ஆரஞ்சுக் காய்களையும் சேர்த்துப் பிழிகிறார்கள். நம் ஊர் இஞ்சி எலுமிச்சைக்கு அது எந்த வகையிலும் குறைந்ததில்லை என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம்.

காபி என்றதும் ஒரு வார்த்தை. உலகில் பிரேசிலுக்கு அடுத்தபடியாகக் காபி விளைவிக்கும் நாடு வியட்நாம். பெரும்பாலும் ரோபஸ்டா, கசப்பு தூக்கலாக இருக்கும். தம்ளரின் தலையில் ஒரு சின்னத் தகர வடிகட்டியை வைத்துக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிடுவார்கள். அடியில் டின் பால் வெள்ளையாகக் கிடக்கும். அதன் மேல் டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும். அவசரப்பட்டுத் தட்டினாலும் அமுக்கினாலும் அது தன் வேகத்தில்தான் இறங்கும். முழுவதும் இறங்கிய பிறகு கலக்கி, ஐஸ் நிறைத்த கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக் குடிக்கிறார்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரமே உள்ள பிளாஸ்டிக் ஸ்டூலில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருப்பது ஒன்றுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இப்போது மீ சோனுக்கு வருவோம். உங்கள் நிரலில் அது பதினொரு மணிக்கு இருக்கிறது. அது ஒரு கிண்ணம் மாதிரியான பள்ளத்தாக்கு. சுற்றிலும் மலை, காற்று புகாது, நடுவில் செங்கல். உச்சி வெயிலில் அங்கே போகிறவர்கள் ஒவ்வொரு மரத்தடியாக ஓடுவார்களே தவிர, கோயிலைப் பார்க்க மாட்டார்கள். காலையில் வாசல் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். ஹோய் ஆனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். கடற்கரையை அடுத்த நாள் காலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மீ சோன், சாம் மக்களின் அரசான சம்பாவின் புனிதத் தலம். நான்காம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற அரசன் இங்கே சிவலிங்கம் நிறுவி, தன் பெயரையும் சேர்த்து பத்ரேசுவரன் என்று பெயரிட்டான். பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை அடுத்தடுத்து வந்தவர்கள் கட்டிக்கொண்டே போனார்கள். கோபுரங்கள் எல்லாம் செங்கல். ஒரு செங்கலுக்கும் அடுத்ததற்கும் இடையில் சாந்து இருப்பது கண்ணுக்கே தெரியாது. எதை வைத்து ஒட்டினார்கள் என்று அறிஞர்கள் வெகுகாலம் வாதாடியிருக்கிறார்கள். கிட்டே போய்ப் பாருங்கள்: புதிதாகச் சேர்த்த செங்கலில் பாசி படிந்திருக்கிறது, ஆயிரம் வருடத்துச் செங்கல் சிவப்பு மாறாமல் இருக்கிறது. காலையின் சாய்ந்த வெளிச்சத்தில்தான் இந்த வித்தியாசமும், செங்கல்லிலேயே செதுக்கிய உருவங்களும் தெரியும்.

1969 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் இந்தப் பள்ளத்தாக்கில் குண்டு போட்டன. எல்லாவற்றிலும் பெரிய கோபுரம் அதில் போய்விட்டது. குண்டு விழுந்த பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன; மேலே புல் முளைத்திருக்கிறது. போருக்குப் பிறகு போலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் காசிமியேர்ஸ் க்வியாத்கோவ்ஸ்கி வந்து, இடிந்ததைத் தாங்கி நிறுத்தும் வேலையில் வருடக் கணக்காக இருந்தார். அவருக்கு ஹோய் ஆனில் சிலை வைத்திருக்கிறார்கள். பின்னால் நம் இந்தியத் தொல்லியல் துறையும் மூன்று கோயில் தொகுதிகளைச் சீரமைத்தது. அந்த வேலையின்போது 2020 மே மாதத்தில் மண்ணுக்குள்ளிருந்து ஒரே கல்லில் செய்த சிவலிங்கம் ஒன்று கிடைத்தது. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றார்கள். இந்த இடம் 1999 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது.

இங்கே ஒரு இடைச்செருகல். நம் ஆட்கள் குழுவாகப் போகும்போது “எல்லாம் நம்ம சோழர் கட்டினதுதான்” என்று ஒருவர் தொடங்கிவிடுவார். அதைக் கேட்டு மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். கட்டியவர்கள் சாம் அரசர்கள். அவர்கள் வணங்கிய சிவனும், கல்வெட்டின் சமஸ்கிருதமும், அதை எழுதிய எழுத்து முறையும் கடல் தாண்டிப் போனவை. அந்த எழுத்துக்குத் தென்னிந்தியாவோடு உறவு உண்டு, நம் பல்லவ எழுத்தை அறிந்தவர்கள் பார்த்தால் சாயல் தெரியும். அவ்வளவு பெருமை போதாதா? சாம் மக்கள் இன்றும் வியட்நாமின் தென்பகுதிக் கடலோரத்தில் வாழ்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் தங்கள் முன்னோர் கட்டிய கோபுரங்களில் பெரும்பாலும் அக்டோபர் மாதத்தில் கத்தே என்ற திருவிழாவை இன்னும் நடத்துகிறார்கள். கட்டியவர்களின் பிள்ளைகள் இருக்கும்போதே கட்டடத்துக்கு நாம் உரிமை கொண்டாடுவது அழகில்லை.

மணிக் கணக்கைச் சொன்னேன். மாதக் கணக்கு இன்னும் முக்கியம். நம் வாசகர்கள் பலர் ஆயுத பூஜை, தீபாவளி விடுமுறைகளைச் சேர்த்து அக்டோபரில் ஹோய் ஆன் போகத் திட்டம் போடுகிறார்கள். வேண்டாம்.

வியட்நாமின் கடற்கரை சுமார் 3,260 கிலோமீட்டர். வடக்கே சீன எல்லையில் ஆரம்பித்து தெற்கே கம்போடியா வரை. அவ்வளவு நீளத்துக்கு ஒரே பருவம் இருக்காது. நாட்டின் மேற்கு எல்லையில் லாவோஸை ஒட்டி துரோங் சோன் மலைத்தொடர் நிற்கிறது. கோடையில் வரும் தென்மேற்குப் பருவக்காற்று அந்த மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் காய்ந்த அனலாக இறங்குகிறது. அதற்கு ‘லாவோஸ் காற்று’ என்றே பெயர். நடு வியட்நாமின் மழை வருவது வடகிழக்குக் காற்றில், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே பிறந்து, ஐப்பசி கார்த்திகையில் மழையை எதிர்பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அளவுதான் வேறு. ஹூயே நகரில் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 2,800 மில்லிமீட்டர் பெய்கிறது. சென்னையைப் போல இரண்டு மடங்கு. அதில் பெரும்பகுதி அந்த நாலு மாதங்களுக்குள்.

ஹூயேக்கும் டா நாங்குக்கும் நடுவில் அந்த மலையின் ஒரு கிளை கடலுக்குள்ளேயே காலை நீட்டுகிறது. அதன் மேலே ஏறி இறங்குவதுதான் ஹாய் வான் கணவாய். உயரம் 500 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பக்கம் மேகம் மூடி, மறுபக்கம் சுள்ளென்று வெயில் அடிக்கும் நாட்கள் அங்கே சாதாரணம். 2005-இல் சுரங்கப் பாதை திறந்த பிறகு லாரிகளில் பெரும்பாலானவை அதற்குள் போய்விட்டதால் மலைப்பாதை இப்போது பெரும்பாலும் பயணிகளுக்கும் பைக்குகளுக்கும்தான். ஆனால் என் ஓட்டு ரயிலுக்கு. ஹனோயையும் சைகோனையும் இணைக்கும் 1,726 கிலோமீட்டர் பாதையில் இந்தத் துண்டு கடலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வளைந்து போகிறது. ஹூயேயிலிருந்து தெற்கே வந்தால் இடது பக்கம் உட்காருங்கள். மகளுக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னால் வருத்தப்படாதீர்கள்.

அக்டோபர், நவம்பரில் ஹோய் ஆனில் என்ன நடக்கும் என்பதை அங்குள்ள பழைய வணிகர் வீடுகளே சொல்லும். தூ போன் ஆற்றங்கரையில் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஜப்பானியரும் சீனரும் வந்து தங்கி வியாபாரம் செய்த துறைமுகம் அது. பின்னால் ஆறு மணல் தூர்ந்துபோய் வியாபாரம் டா நாங்குக்கு நகர்ந்தது. ஊர் வளராமல் நின்றதால்தான் பழைய வீடுகள் தப்பித்தன. அந்த வீடுகளுக்குள் போனால் சுவரில் வெள்ளம் ஏறிய மட்டத்தை வருடத்தோடு குறித்து வைத்திருக்கிறார்கள். 1964-இன் கோடு என் தலைக்கு மேலே இருந்தது. மாடித் தரையில் மரச் சட்டமிட்ட சதுரத் திறப்பு ஒன்று. தண்ணீர் ஏற ஏறக் கீழே இருக்கும் சரக்கையும் சாமானையும் கயிறு கட்டி அந்த வழியே மேலே இழுத்துவிடுவார்கள். வீடு கட்டும்போதே வெள்ளத்துக்கும் ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். அந்த மாதங்களில் கடலும் சீறும்; குளிக்காதே என்று சிவப்புக் கொடி பறக்கும். எதிரே உள்ள கூ லாவ் சாம் தீவுக்குப் படகும் கிடைக்காது. பிளாஸ்டிக் பைக்கு 2009-இலேயே தடை போட்ட தீவு அது. மே மாதத்தில் போகிறவர்கள் விட்டுவிடாதீர்கள்.

சுருக்கமாகக் கணக்கு இப்படி வருகிறது. நம் கோடை விடுமுறை, நடு வியட்நாமின் கடலுக்கு நல்ல காலம், வெயிலைக் காலையிலும் மாலையிலும் ஏமாற்றத் தெரிந்தால். அரையாண்டு விடுமுறையில் போகிறவர்கள் தெற்கே சைகோனுக்கும் ஃபூ குவோக் தீவுக்கும் போகட்டும், அங்கே அப்போது மழை முடிந்திருக்கும். அதே டிசம்பரில் வடக்கே ஹனோய்க்கு ஸ்வெட்டர் வேண்டும். ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்குள் அவர்களுடைய புத்தாண்டான டெட் வரும். அந்தச் சமயத்தில் எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், ரயிலில் இடம் கிடைக்காது, நல்ல கடைகளில் பாதி பூட்டியிருக்கும். தேதி பார்த்துக்கொண்டு டிக்கெட் எடுங்கள்.

கடலுக்கும் ஒரு மாதக் கணக்கு உண்டு என்பதை மறந்தவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். ஹோய் ஆனுக்குப் பக்கத்தில் குவா டாய் என்றொரு கடற்கரை. பழைய பயண நூல்களில் அதை வாயாரப் புகழ்ந்திருப்பார்கள். இன்று போனால் பல இடங்களில் மணல் மூட்டையும் தடுப்புச் சுவரும்தான். வடகிழக்குக் காற்றுக் காலத்தில் அலை மணலை அள்ளிப் போகும், கோடையில் திருப்பிக் கொண்டுவந்து போடும், குறைவதை வெள்ளக் காலத்தில் ஆறு நிரப்பும். இதுதான் பழைய வரவு செலவு. ஆற்றின் மேலே அணைகள் வந்தன, ஆற்றிலேயே மணல் அள்ளினார்கள், கரை விளிம்பு வரை சொகுசு விடுதிகளைக் கட்டினார்கள். 2014 வாக்கில் கடல் விடுதிகளின் வாசலுக்கே வந்துவிட்டது. புதுச்சேரிக்காரர்கள் இந்தக் கதையைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள். பயணிகள் இப்போது கொஞ்சம் வடக்கே அன் பாங் கரைக்கு நகர்ந்திருக்கிறார்கள். அங்கேயும் கடைகள் தண்ணீரை நோக்கித்தான் நகர்ந்துகொண்டிருக்கின்றன.

உங்கள் நிரலில் பா நா மலையும் அங்குள்ள தங்கப் பாலமும் இன்னொரு முழு நாளைச் சாப்பிடுகின்றன. இரண்டு பிரமாண்டக் கைகள் ஏந்திக்கொண்டிருக்கும் பாலம், 2018-இல் திறந்தது. அந்தக் கைகள் கல் இல்லை, கம்பி வலையும் ஃபைபர் கிளாஸும். மகள் கேட்டால் போய் வாருங்கள். எனக்கு அந்தக் கம்பிவட வண்டியும் மேலே இருந்த மேகமும் பிடித்தன, கூட்டம் பிடிக்கவில்லை.

கடைசியாக நிலாக் கணக்கு. ஹோய் ஆனில் எந்த இரவு போனாலும் தெருவெல்லாம் பட்டு விளக்குக் கூண்டுகள் தொங்கும். ஆனால் சந்திர மாதத்தின் பதினாலாம் நாள் இரவில் பழைய நகரத்தில் மின்விளக்குகளை அணைத்துவிட்டு, அந்த விளக்குகளோடு மட்டும் ஊரை விட்டுவிடுவார்கள். பௌர்ணமிக்கு முந்தைய இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு நாட்காட்டியைப் பார்த்தே தேதியைக் குறித்துவிடலாம். கூட்டம் அன்றைக்குத்தான் அதிகம், அதனால் இருட்டுவதற்கு முன்பே போய், திண்ணை மாதிரி இருக்கும் ஏதாவது ஒரு வாசலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நிலாக் கணக்கு சைவக்காரர்களுக்கும் உதவும். “அங்கே போய் நாங்கள் என்ன சாப்பிடுவது?” என்று மயிலாப்பூரிலிருந்து மாத்திரம் மூன்று கடிதங்கள். பயம் நியாயம்தான். கீரையைக் கேட்டால்கூட மீனை உப்பில் ஊறவைத்து எடுத்த சாறு ஒரு கரண்டி விழுந்திருக்கும். ஆனால் அங்கே பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் மரக்கறி மட்டுமே சாப்பிடுவார்கள். ஏறக்குறைய நம் அமாவாசையும் பௌர்ணமியும்தான். அந்த நாட்களில் தெருவோரக் கடைகள்கூடச் சைவத்துக்கு மாறும். மற்ற நாட்களிலும் ‘சாய்’ என்று பலகை வைத்த கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. வேறு கடைக்குப் போனால் “அன் சாய்” என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். வாழைப்பூவைப் பொடியாக நறுக்கி, வறுத்த வேர்க்கடலை தூவி, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். வாழைப்பூவை இவ்வளவு நாளாக வடைக்கும் பொரியலுக்கும் மட்டுமே கொடுத்துவிட்டோமே என்று தோன்றும்.

சைகோன் வழியாகத் திரும்புகிறவர்கள், பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் துரோங் தின் தெருவில் உள்ள மாரியம்மன் கோயிலுக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். இந்தோசீனா பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த காலத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்கே வட்டித் தொழில் செய்தார்கள். புதுச்சேரி, காரைக்கால்காரர்கள் அரசாங்க வேலைக்குப் போனார்கள். 1975-க்குப் பிறகு அநேகமாக எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். கோயில் கிளம்பவில்லை. இன்று அங்கே கும்பிட வருகிறவர்கள் பெரும்பாலும் வியட்நாமியர்களும் சீனர்களும்தான். கட்டுக் கட்டாக ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். வெளிச் சுவரின் கல்லில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, நெற்றியை ஒட்டி வைத்துக்கொண்டு, வேண்டுவதை மெதுவாகக் கல்லிடம் சொல்கிறார்கள். நாம் கன்னத்தில் போட்டுக்கொண்டால் அவர்கள் நம்மை வேடிக்கை பார்க்கிறார்கள். பௌர்ணமி அன்று போனால் உள்ளே நுழையவே வரிசை.

பணம் பற்றி ஒன்றே ஒன்று. நம் ஒரு ரூபாய்க்குக் கிட்டத்தட்ட 300 டாங். கையில் எப்போதும் லட்சங்கள் புரளும். ஐந்து லட்சம் டாங் நோட்டும் இருபதாயிரம் டாங் நோட்டும் இரண்டும் நீலம். இருபதாயிரத்தில் ஹோய் ஆனின் ஜப்பானியப் பாலம் இருக்கும். இருட்டில் கொடுக்கும்போது பாலத்தைத் தேடிப் பார்த்துக் கொடுங்கள்.

சேலத்து நண்பர் தன் நிரலைத் திருத்திப் போட்டுக்கொண்டு போய் வரட்டும். போய் வந்த மற்றவர்களும் எழுதுங்கள். நல்ல கடிதங்களை ஜூலை இதழில் சேர்த்து வெளியிடுகிறோம். புகைப்படம் அனுப்புகிறவர்கள், அது எந்த மாதம், எத்தனை மணிக்கு எடுத்தது என்பதைப் பின்பக்கம் குறித்து அனுப்பினால், அடுத்த வருடம் கிளம்புகிறவர்களுக்கு உபயோகமாக இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்